விறைப்புக் குறைபாடும் அறுவை மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'ஆண்மை' என்னும் சொல் பொருட்செறிவு மிக்கது. ஆளுந்தன்மை, வீரம், ஆணின் இயல்பு, உடலுறவுக்குரிய ஆற்றல் ஆகிய யாவும் அச்சொல்லுள் அடங்குகின்றன. வேளாண்மை, தாளாண்மை முதலிய சொற்களில் ஆளுந்தன்மையே முதன்மை பெற்று நிற்கிறது. திருவள்ளுவர் 'பேராண்மை' என்னும் சொல்லைப் பிறன்மனை நயவாத ஒழுக்கத்திற்கும் போர்க்களத்துத் தறுகண்மைக்கும் ஆண்டுள்ளார். இத்தகைய சொல்லோடு 'குறைவு' என்பதைச் சேர்த்து, 'ஆண்மைக்குறைவு' என்று ஓர் உடற்குறைக்குப் பெயரிட்டு வழங்கி வருகிறோம். உறுப்பு ஒன்றில் குருதி தங்காமையை மட்டும் குறிக்க வேண்டிய பெயர், அவ்வுறுப்புக்குரியவரின் ஆளுமை முழுவதும் குறைந்துபோயிற்று என்று அறிவிக்கும் பெயராகிவிடுகிறது. நோயாளர் பலர் மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்கு நோயைக் காட்டிலும் நோயின் பெயரே காரணமாவதும் உண்டு.

ஆங்கிலத்திலும் இவ்விடர்ப்பாடு இருந்தது. நெடுங்காலம் வழங்கிய 'இம்பொட்டன்ஸ்' என்னும் சொல்லுக்கு ஆற்றலின்மை என்பதே நேர்ப்பொருள். 1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்திசைவு மாநாடு, அச்சொல் துல்லியமற்றது, இழிவுப்பொருள் தருவது எனக் கருதி, 'எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்' என்னும் தொடரைப் பரிந்துரைத்தது. மனநிறைவு தரும் உடலுறவுக்குப் போதுமான விறைப்பினை அடையவோ நிலைநிறுத்தவோ இயலாமை என்பது அம்மாநாடு தந்த வரையறை. இக்கட்டுரையில் அதனை 'விறைப்புக் குறைபாடு' என வழங்குகிறோம். (விறைப்பு என்பதில் வல்லின றகரமே வர வேண்டும், இடையின ரகரம் இட்டால் பொருள் வேறாகிவிடும். அச்சில் இப்பிழை மிகுதியாகக் காணப்படுவதால் இங்குச் சுட்ட நேர்ந்தது.)

இக்குறைபாட்டிற்கு அறுவை மருத்துவம் கண்ட வழிகளின் வரலாறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்காலத்தது. மருத்துவ வரலாற்று நூல்களில் இது பெரும்பாலும் நகைப்புக்குரிய செய்தியாக ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆழ்ந்து நோக்குமிடத்து, ஒவ்வோர் அறுவைமுறைக்கும் பின்னால் 'குறை உடலின் எவ்விடத்தில் உள்ளது?' என்னும் வினாவுக்கான விடையொன்று மறைந்திருப்பதை உணரலாம். சிரையில் என்றனர் சிலர். சுரப்பியில் என்றனர் வேறு சிலர். மனத்தில் என்றும் தமனியில் என்றும் அடுத்தடுத்து விடைகள் வந்தன. அவ்வினாவை ஒதுக்கி வைத்துவிட்டு, உறுப்பின் பணியை மட்டும் வேறொரு பொருளைக் கொண்டு நிறைவேற்ற முனைந்த உட்பொருத்தி அறுவையே இவற்றுள் நிலைத்தது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதற்கு நோயாளர் எதனை விலையாகக் கொடுக்கின்றனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றைப் பின்தொடர உறுப்பின் அமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். ஆண்குறியின் நீளவாக்கில் கடற்பஞ்சு போன்ற திசுவாலான இரண்டு உருளைகள் இணையாக அமைந்துள்ளன. அவற்றைத் தடித்த வெண்ணிற உறை ஒன்று சூழ்ந்துள்ளது. நரம்புத் தூண்டுதலால் உருளைகளிலுள்ள மென்தசை தளரும்போது தமனி வழியே குருதி விரைந்து நிரம்புகிறது. விரிந்த திசு உறையின்மீது அழுத்துவதால், இடையிலுள்ள சிறு சிரைகள் நசுங்கி வெளியேறும் வழி அடைபடுகிறது. உள்ளே வந்த குருதி உள்ளேயே நிற்பதுதான் விறைப்பு. வெளியேறும் வழியை அடைக்கத் தனியே ஒரு கதவு இல்லை. திசு விரிவதே கதவாகிறது. இந்நுட்பம் புரியாத காலத்தில்தான் முதல் அறுவைகள் தொடங்கின.

சிரையும் சுரப்பியும்

1873இல் இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ பரோனா, நோயாளர் ஒருவரின் ஆண்குறி முதுகுச் சிரையில் உப்புக்கரைசலைச் செலுத்தி அதனை அடைக்க முயன்றார். குருதி தங்கவில்லையெனில் அது வெளியேறும் குழாயைக் கட்டிவிட வேண்டும் என்பது எளிய தருக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் பலர் அச்சிரையைக் கட்டியும் வெட்டியும் வந்தனர். சிகாகோவைச் சேர்ந்த ஃபிராங்க் லிட்ஸ்டன் 1908இல் நூறு நோயாளர்க்கு இவ்வறுவையைச் செய்ததாக அறிக்கை வெளியிட்டார்.

இதே லிட்ஸ்டன் 1914இல் இறந்தவர் ஒருவரின் விந்தகத்தைத் தம் உடலிலேயே பொருத்திக்கொண்டார் என்பது கருதத்தக்கது. ஒரே மருத்துவர் ஆறு ஆண்டுகளுக்குள் சிரையிலிருந்து சுரப்பிக்குச் சென்றுவிட்டார். அக்காலத்து மருத்துவச் சிந்தனை முழுவதும் அத்திசையில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. 1889இல் பாரிசில், 72 வயதினரான உடலியல் பேரறிஞர் பிரௌன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்குத் தாமே ஊசிவழிச் செலுத்திக்கொண்டு, இழந்த வலிமை மீண்டதாக அறிவித்திருந்தார். நீரில் எடுக்கப்பட்ட அச்சாற்றில் பயன்தரும் அளவுக்கு இயக்குநீர் இருந்திருக்க இயலாது என்பது பின்னாளைய முடிவு. ஆயினும் அந்த அறிவிப்பு ஒரு பெரும் வேட்கையைக் கிளப்பிவிட்டது. வியன்னாவின் யூஜின் ஸ்டைனாக் விந்துக்குழாயைக் கட்டினால் இளமை திரும்பும் என்றார். 1923இல் சிக்மண்ட் ஃபிராய்டும் 1934இல் கவிஞர் டபிள்யூ. பி. யேட்சும் அவ்வறுவையைச் செய்துகொண்டனர். ஃபிராய்டு நாடியது தம் புற்றுநோய்க்கு அது தடையாகும் என்னும் நம்பிக்கையால். பாரிசில் செர்ஜ் வொரொனோஃப் 1920இல் மனிதக் குரங்கின் விந்தகத் துண்டுகளை மனிதருக்கு ஒட்டினார். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி என்பவர் ஆட்டு விந்தகத்தை வைத்துத் தைத்துச் செல்வம் குவித்தார். தமக்கெனச் சொந்த வானொலி நிலையமும் நடத்தினார். 1930இல் அவருடைய மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது.

1935இல் டெஸ்டோஸ்டெரோன் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் ஆய்வகத்திலும் உருவாக்கப்பட்டதோடு சுரப்பி ஒட்டும் அறுவைக்கு அறிவியல் அடிப்படை ஏதும் எஞ்சவில்லை. அவ்வியக்குநீர் வேட்கையோடு மிகுதியும் தொடர்புடையது என்பதும், அது குறைந்தவர்க்கே அதனைத் தருவதால் பயன் என்பதும் பின்னர்த் தெளிவாயின.

விலா எலும்பிலிருந்து நெகிழி வரை

பாலூட்டி விலங்குகள் பலவற்றின் ஆண்குறியில் எலும்பு ஒன்று உண்டு. நாய்க்கு உண்டு, குரங்கினங்களிற் பெரும்பாலானவற்றிற்கும் உண்டு, மனிதனுக்கு இல்லை. இல்லாத அவ்வெலும்பை அறுவையால் அமைத்துவிடலாம் என்னும் எண்ணத்தை முதலில் செயற்படுத்தியவர் உருசிய மருத்துவர் நிக்கொலாய் பொகொராஸ். 1920இல் டிராம் வண்டி விபத்தொன்றில் இரு கால்களையும் இழந்து, பொய்க்கால்களுடன் அறுவைப் பணியைத் தொடர்ந்தவர் அவர். உறுப்பை இழந்தவர்களுக்கு வயிற்றுத் தோலைக் குழாய்போலச் சுருட்டிப் புதிய ஆண்குறி அமைத்து, அதனுள் நோயாளரின் விலாக் குருத்தெலும்பை வைத்துத் தைத்தார். 1936இல் செருமானிய இதழொன்றில் வெளிவந்த அவரது கட்டுரையே உட்பொருத்தி வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதே 1936இல் நியூயார்க்கில் ஆஸ்வால்டு லௌஸ்லி என்பார் முதுகுச் சிரையைக் கட்டி, அடித்தசைகளை மடித்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். ஒருவர் குருதியைத் தேக்கப் பார்த்தார். மற்றவர் குருதியே இல்லாமல் நிற்கச் செய்யப் பார்த்தார். பிற்கால வரலாறு முழுவதும் இவ்விரு வழிகளுக்கிடையே நிகழ்ந்த போட்டியே எனலாம்.

உண்மையில் செயற்கை ஆண்குறி என்பது இதனினும் பழைமையானது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, உறுப்பை இழந்தவர்க்கென மரக்குழாய் ஒன்றை விவரித்துள்ளார். அது நின்றபடி சிறுநீர் கழிப்பதற்கானது, உடலுறவுக்கானது அன்று.

விலாக் குருத்தெலும்பு நாளடைவில் வளைந்தது. சிலர்க்கு உடலே அதனைக் கரைத்து ஏற்றுக்கொண்டது. எனவே மருத்துவர்கள் உடல் கரைக்க இயலாத பொருளைத் தேடினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெகிழிப் பொருள்கள் மருத்துவத்துள் நுழைந்தன. 1952இல் வில்லர்டு குட்வினும் வில்லியம் ஸ்காட்டும் அக்கிரிலிக் தண்டுகளைப் பொருத்திய அனுபவத்தை வெளியிட்டனர். அத்தண்டுகள் கடினமானவை; விறைப்பு உருளைகளுக்கு வெளியே, தோலுக்கும் உறைக்கும் இடைப்பட்ட தளர்ந்த பகுதியில் வைக்கப்பட்டவை. தாங்குவதற்கு வலிய திசு ஏதும் அங்கில்லை. ஆகவே அவை இடம் நழுவின. தோலை அரித்துக்கொண்டு வெளிவந்தன.

இத்தோல்விக்குக் காரணம் பொருள் மட்டுமன்று, இடமும் ஆகும் என்பதை உணர்த்தியவர் எகிப்தியரான பெஹெரி. மேலைநாட்டு வரலாறுகள் இவரை ஒரு வரியில் கடந்துசெல்வது வழக்கம். அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. பாலித்தீன் தண்டுகள் இரண்டினை, இரு விறைப்பு உருளைகளின் உள்ளேயே, உருளைக்கு ஒன்றாக அவர் செலுத்தினார். உருளையைச் சூழ்ந்துள்ள தடித்த உறையே தண்டுக்கு உறுதியான கூடாயிற்று. தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்பை ஒட்டிய வேர்ப்பகுதிவரை சென்று ஊன்றிக்கொண்டது. 1966இல் வெளிவந்த அவரது அறிக்கை 700க்கு மேற்பட்ட நோயாளரைப் பற்றியது. அமெரிக்க மருத்துவர்கள் ஒற்றைத் தண்டு, வெளிப்புறத் தண்டு என்று முயன்றுகொண்டிருந்த காலத்தில், இன்றைய உட்பொருத்திகள் அனைத்தும் பின்பற்றும் அமைப்பு எகிப்தில் நூற்றுக்கணக்கானோர்க்கு ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது. பாலித்தீன் கைவிடப்பட்டது, இடம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த இடத்திற்கு ஒரு விலை உண்டு. தண்டைச் செலுத்துவதற்காக உருளையினுள் உள்ள திசுவை விரித்து வழி செய்ய வேண்டும். இயல்பான விறைப்பைத் தந்துவந்த திசு அதனால் சிதைகிறது. பின்னாளில் தண்டை எடுத்துவிட்டாலும் பழைய இயல்பு பெரும்பாலும் மீள்வதில்லை. பெஹெரியின் கண்டுபிடிப்போடு இவ்வறுவை திரும்பி வர இயலாத வழியாயிற்று.

மனமா, உடலா?

இவ்விடத்தில் அறுவைக் கூடத்தை விட்டு வெளியே வருதல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பாலான மருத்துவர்கள் இக்குறைபாட்டின் இருப்பிடம் மனமே எனக் கொண்டிருந்தனர். ஃபிராய்டின் வழிவந்தோர் இளமைக்கால உளச்சிக்கலைத் தேடினர். 1970இல் வெளியான வில்லியம் மாஸ்டர்சு, வர்ஜீனியா ஜான்சன் ஆகியோரின் ஆய்வு, செயல்திறன் பற்றிய அச்சமே பெருங்காரணம் என்று கூறித் தம்பதியர் இருவர்க்கும் சேர்த்துப் பயிற்சி அளித்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் நீரிழிவால் நரம்பும் குருதிக்குழாயும் கெட்ட ஒருவர், தம் மனத்தில்தான் குறை என்று ஆண்டுக்கணக்கில் நம்பி வாழ நேர்ந்ததும் இக்காலத்தில்தான்.

உடற்காரணத்தையும் மனக்காரணத்தையும் வேறுபடுத்தும் வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1944இல் செருமானியில் ஓல்மயர் முதலியோர், நலமுள்ள ஆண்களுக்கு உறக்கத்தில் ஏறத்தாழ 85 நிமிடங்களுக்கு ஒருமுறை விறைப்பு உண்டாவதைப் பதிவு செய்திருந்தனர். 1953இல் விரைவிழியசைவு உறக்கம் கண்டறியப்பட்டபின், 1965இல் இரண்டிற்கும் உள்ள தொடர்பை ஃபிஷர் குழுவினர் நிறுவினர். உறங்குபவனை அச்சமோ வெட்கமோ தடுப்பதில்லை. அப்போதும் விறைப்பு இல்லையெனில் உடலில்தான் குறை. இவ்வடிப்படையில் சோதனைமுறையை வளர்த்தவர் இஸ்மெட் கராகான். அவர் பணியாற்றிய ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில்தான் பிரான்ட்லி ஸ்காட் என்னும் சிறுநீரியல் அறுவை மருத்துவரும் இருந்தார். யாருக்கு அறுவை தகும் என்பதைக் காட்டும் கருவியும், அறுவைக்குரிய கருவியும் ஒரே வளாகத்தில் வளர்ந்தது தற்செயல் மட்டுமன்று. முன்னது இல்லாமல் பின்னதற்கு மருத்துவ உலகின் ஏற்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

1973: நீரால் இயங்கும் கருவி

ஸ்காட்டின் கருவிக்குப் பின்புலமாக அமைந்தது சிலிக்கோன். 1956இல் மூளைநீர் மிகுந்த குழந்தைகளுக்கான வடிகுழாய் வால்விலும், 1962இல் ஹூஸ்டனிலேயே செய்யப்பட்ட முதல் சிலிக்கோன் மார்பக உட்பொருத்தியிலும் அப்பொருள் பயன்பட்டிருந்தது. உடல் அதனைக் கரைப்பதில்லை; வளைந்து கொடுக்கும்; பல்லாண்டு நிற்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் வில்லியம் பிராட்லி, பொறியியலாளர் ஜெரால்டு டிம் ஆகியோருடன் இணைந்து ஸ்காட் வடிவமைத்த உட்பொருத்தியைப் பற்றிய கட்டுரை 1973இல் வெளிவந்தது. சிறுநீர் அடக்க இயலாதவர்க்கான செயற்கைச் சுருக்குத்தசையும் இதே குழுவினரின் ஆக்கமே.

உட்பொருத்தியின் இயக்கம் எளிது. இரு விறைப்பு உருளைகளிலும் உள்ளீடற்ற சிலிக்கோன் உருளைகள். அடிவயிற்றில் நீர்மம் நிறைந்த சிறு பை. விதைப்பையினுள் கையால் அழுத்தும் இறைப்பான். அழுத்தினால் நீர்மம் உருளைக்குச் செல்லும். விடுவித்தால் பைக்குத் திரும்பும். முதல் வடிவத்தில் நிரப்புவதற்கு ஒன்றும் வடிப்பதற்கு ஒன்றுமாக இரண்டு இறைப்பான்கள் இருந்தன. பின்னர் அவை ஒன்றாயின. வெளியே எதுவும் தெரிவதில்லை. தண்டு வகையில் உறுப்பு எப்போதும் விறைத்தே இருக்கும். இதில் வேண்டும்போது மட்டும் விறைக்கும். பொகொராஸ் எலும்பைப் பார்த்துப் போலி செய்தார். ஸ்காட் குருதியோட்டத்தைப் பார்த்துப் போலி செய்தார்.

தொடக்க ஆண்டுகளில் இக்கருவி அடிக்கடி பழுதடைந்தது. குழாய் மடங்கியது; இணைப்பு கசிந்தது; உருளை ஓரிடத்தில் புடைத்தது. பழுதென்றால் மீண்டும் அறுவை என்று பொருள். இதனால் எளிய தண்டு வகைகளும் உடன் வளர்ந்தன. மியாமியில் ஸ்மாலும் கரியனும் 1975இல் இரட்டைச் சிலிக்கோன் தண்டுகளை வெளியிட்டனர். செருமானியரான ஊடோ யோனாஸ் தண்டினுள் வெள்ளிக்கம்பியை வைத்து, வேண்டியவாறு வளைத்து மறைக்கும் வழி கண்டார். 1980களில் வேறு பல வடிவங்கள் வந்து மறைந்தன. அவற்றை விரித்துரைத்தல் இங்கு வேண்டுவதன்று.

இயந்திரப் பழுதினும் கொடியது நோய்த்தொற்று. தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் உட்பொருத்தியின்மேல் வழவழப்பான படலமாகப் படிந்துவிட்டால், மருந்து அவற்றை எட்டுவதில்லை. கருவியை எடுத்தே ஆக வேண்டும். எடுத்த இடம் தழும்பேறிச் சுருங்குவதால் மறுமுறை பொருத்துதல் மிகக் கடினம். 1996இல் ஜான் மல்கஹி, தொற்றுற்ற கருவியை எடுத்து, இடத்தைக் கழுவி, அதே அமர்வில் புதியதைப் பொருத்தும் முறையை வெளியிட்டார். 2001இல் ரிஃபாம்பின், மினோசைக்ளின் ஆகிய மருந்துகள் ஏற்றிய கருவியும், 2002இல் மருந்துக்கரைசலை ஈர்த்துக்கொள்ளும் மேற்பூச்சுடைய கருவியும் வந்தபின் தொற்று வெகுவாகக் குறைந்தது. இன்று பத்தாண்டு கடந்தும் பெரும்பாலான கருவிகள் இயங்குகின்றன.

குருதியோட்டத்தை மீட்கும் முயற்சி

உட்பொருத்தி வளர்ந்த அதே காலத்தில் மற்றொரு வழியும் புத்துயிர் பெற்றது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ் 1923லேயே, பெருந்தமனியின் அடிப்பகுதி அடைபட்டவர்க்கு விறைப்பு இல்லாதொழிவதைச் சுட்டியிருந்தார். 1973இல் பிராகு நகரில் வாக்லாவ் மிக்கல், வயிற்றுச்சுவர்த் தமனி ஒன்றைத் திருப்பி விறைப்பு உருளையோடு நேரே இணைத்தார். இயல்பை மீட்டுத் தருவதே இதன் குறிக்கோள் ஆதலின், கருத்தளவில் இது உட்பொருத்தியினும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. நடைமுறையில் இணைப்புகள் பல அடைபட்டன.

தமனியறுவையின்போது நேர்ந்த தற்செயல் ஒன்று அறுவையையே பின்னுக்குத் தள்ளிற்று. பாரிசில் ரோனால்டு விராக் பாப்பவெரின் என்னும் மருந்தைச் செலுத்தியபோது விறைப்பு உண்டானதைக் கண்டு, 1982இல் அதனை வெளியிட்டார். 1983இல் இலண்டனைச் சேர்ந்த கைல்ஸ் பிரிண்ட்லி, இலாஸ் வேகாசில் நடந்த அமெரிக்கச் சிறுநீரியல் கழக மாநாட்டில், தம் உறுப்பிலேயே மருந்தூசி இட்டுக்கொண்டு வந்து அதன் விளைவை அவையோர் முன் நேரடியாகக் காட்டினார். இந்நிகழ்ச்சி இன்றும் சிரிப்புடன் பேசப்படுகிறது. எனினும் மனத்தூண்டல் ஏதுமின்றி மென்தசையைத் தளர்த்தினாலே விறைப்பு உண்டாகும் என்பதை அது ஒரே நாளில் நிறுவிவிட்டது என்பதை மறத்தலாகாது.

இவ்வாய்வில் நம் வட்டாரத்திற்கும் பங்குண்டு. 1970களின் இறுதியிலேயே சிங்கப்பூரில் கணேசன் அடைக்கன், மனித ஆண்குறித் தசைத் துண்டுகளின்மேல் மருந்துகளின் வினையை ஆராயத் தொடங்கினார். புரோஸ்டாகிளாண்டின்கள் அத்தசையில் ஏற்படுத்தும் விளைவுகள் பற்றிய முன்னோடி ஆய்வுகள் அவருடையவை. அவ்வகையைச் சேர்ந்த அல்புரோஸ்டாடில் ஊசிமருந்து 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஊசிமருந்துச் சோதனை சிரையறுவைக்கும் புதுவாழ்வு தந்தது என்பது முரண். மருந்திட்டும் விறைப்பு நிற்காதவர்க்குச் 'சிரைக்கசிவு' எனப் பெயரிட்டு, 1980களில் ஏராளமான சிரைகள் கட்டப்பட்டன. தொடக்கத்தில் பலர்க்கு நலம் தோன்றிற்று. ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலை திரும்பிற்று. முன்னர்ச் சொன்னவாறு, வெளியேறும் வழியை அடைப்பது திசுவின் விரிவே. திசு கெட்டதனால் கசிவு உண்டாகிறது. கசிவினால் திசு கெடுவதில்லை. பரோனாவும் லிட்ஸ்டனும் செய்த பிழையே புதிய கருவிகளுடன் மீண்டும் செய்யப்பட்டது. அமெரிக்கச் சிறுநீரியல் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி சிரையறுவையைப் பரிந்துரைக்கவில்லை. தமனியறுவையை, பரவலான குருதிக்குழாய் நோயின்றி ஓரிடத்தில் மட்டும் அடைப்புற்ற இளைஞர்க்கு மட்டும் எண்ணிப்பார்க்கலாம் என்கிறது.

1998 மார்ச்சு 27ஆம் நாள் சில்டெனாஃபில் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில், அம்மருந்தின் செயற்பாட்டுக்கு அடிப்படையான நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்காக ஃபுர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். இனி அறுவைக்கு இடமில்லை எனப் பலரும் எண்ணினர்.

எஞ்சிய இடம்

அவ்வாறு நிகழவில்லை. மாத்திரை செயற்பட நரம்பும் குருதிக்குழாயும் ஓரளவேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றும்போது நரம்பு அறுபட்டவர், நெடுநாள் நீரிழிவுடையவர், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வதால் இம்மாத்திரையை அறவே தவிர்க்க வேண்டியவர் ஆகியோர்க்கு வேறு வழி தேவை. 1982இல் பேட்ரிக் வால்ஷ் நரம்பைக் காத்துப் புரோஸ்டேட்டை அகற்றும் முறையைத் தொடங்கியபின் முதல் வகையினர் குறைந்தனர், இல்லாமற் போகவில்லை. ஓர் அறுவையால் இழந்ததை மற்றோர் அறுவையால் ஈடுசெய்பவர் அவர்கள்.

நீரிழிவு நமக்கு அயலான செய்தியன்று. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. விறைப்புக் குறைபாடு நீரிழிவுக்கும் இதயத் தமனி நோய்க்கும் முன்னறிவிப்பாக வருவதுண்டு. வெட்கத்தால் அதனை மறைப்பவர் இதயத்தின் எச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறார்.

உட்பொருத்தியைக் குறைகூறியோரும் உளர். உளவியல் அறிஞர் லியனோர் டீஃபர் 1986இல் எழுதிய கட்டுரையில், ஆணின் பாலுணர்வு முழுவதையும் ஓர் உறுப்பின் கடினத்தன்மையாகச் சுருக்கிவிடும் போக்கைக் கண்டித்தார். 1992இல் அமெரிக்காவில் சிலிக்கோன்கூழ் மார்பக உட்பொருத்திகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, பிற சிலிக்கோன் கருவிகளைப் பற்றியும் அச்சம் பரவிற்று. பின்னது தணிந்தது; டீஃபரின் வினா தணியவில்லை. உட்பொருத்தி வேட்கையைத் தருவதில்லை. உறவில் நேர்ந்த பிளவை ஒட்டுவதில்லை. நீளம் முன்னைவிடக் குறைந்ததாகப் பலர் உணர்கின்றனர். ஆனால் தோலின் உணர்ச்சியும் உச்சநிலை இன்பமும் பெரும்பாலும் முன்பு இருந்தவாறே இருக்கின்றன. இவற்றை முன்னரே அறிந்து, துணைவியோடு கலந்து முடிவெடுத்தோரில் பெரும்பான்மையோர் மனநிறைவு கொண்டுள்ளதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. எதிர்பார்ப்பு மிகுந்தவர்க்கே ஏமாற்றமும் மிகுதி.

விலை மற்றொரு தடை. நீரால் இயங்கும் வகை ஆசிய நாடுகளில் பெரும்பாலோர்க்கு எட்டாதது. மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த குறைந்த விலைச் சிலிக்கோன் தண்டு, உருளையின் பருமனுக்கேற்ப மேலுறையைக் கழற்றவோ வைத்துக்கொள்ளவோ கூடியது. பெஹெரியின் இரட்டைத் தண்டு அமைப்பே, வேறு பொருளில், இந்தியாவில் இன்றும் பொருத்தப்படுகிறது.

நீர்மக் கருவி பொருத்தப்பட்டவர் அறுவை முடிந்த சில வாரங்களுக்குப் பின் மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும். இறைப்பான் எங்குள்ளது, எவ்வாறு அழுத்துவது, எவ்வாறு விடுவிப்பது என்பதை அன்றுதான் கற்றுக்கொடுப்பர். விரல்நடுக்கம் உடையவர்க்கும் முதியவர்க்கும் துணைவியையும் உடன் அமர்த்திக் கற்பிப்பதுண்டு. நம் நாட்டில் அவ்வறையில் தமிழ் மட்டுமே அறிந்த ஓர் இணையர் அமர்ந்திருப்பின், அருகிலிருக்கும் செவிலியரோ உறவினரோதான் மொழிபெயர்க்க நேரும். அவர் தயங்கித் தேடும் முதற்சொல் பெரும்பாலும் 'ஆண்மைக்குறைவு' என்பதாகவே இருக்கும்.